ஷூ கம்பெனியில் என்ன வேலை?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் "பொண்ணு எங்க வேலைக்குப் போகுது?" என்று யாராவது கேட்டால் பதில் ஒன்றுதான்: "ஷூ கம்பெனிக்கு." மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. காலையில் ஒடுகத்தூரிலிருந்து மாதனூர் வழியாகவும், அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா வழியாகவும் ஆம்பூருக்குப் போகும் கம்பெனி பஸ்களில் ஏறுகிறவர்களில் ஒருத்தி ஷூவின் மேல்பகுதியான அப்பருக்குப் பசை தடவுகிறவள். ஒருத்தி மிஷினில் தையல் போடுகிறவள். ஒருத்தி ஜெர்மனியிலிருந்து வந்த மெயிலுக்குப் பதில் எழுதுகிறவள். ஒருத்தி அடுத்த மாதம் எந்த லைனில் எந்த ஆர்டர் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிறவள். ஊருக்கு நாலு பேரும் ஒன்றுதான். பல கம்பெனிகளும் அப்படித்தான் நினைக்கின்றன என்பது என் ஆதங்கம்.

நான் பி.காம். முடித்துவிட்டு அப்பர் தைக்கும் பிரிவில் செக்கராகச் சேர்ந்தவள். பிறகு மெர்ச்சண்டைசிங். அங்கிருந்து புரொடக்‌ஷன் பிளானிங். கடைசியாக ஈ.ஆர்.பி. என்னும் நிர்வாக மென்பொருள் வேலை. விற்பனை, உற்பத்தி, கணினி என்று மூன்று பக்கமும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒரு விஷயம் உண்டு. ஒரு வேலையின் உயரத்தை அதன் பெயரை வைத்து அளக்க முடியாது. அந்த நாற்காலியில் இருப்பவர் யாரையும் கேட்காமல் எவ்வளவு பெரிய முடிவு எடுக்கலாம், அது பிசகினால் எவ்வளவு பணம் போகும் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் பதவியும் முடிவும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. லட்ச ரூபாய் முடிவை எடுக்கிறவருக்குப் பதவி கிடையாது. பெரிய பதவி அச்சடித்த கார்டு வைத்திருப்பவர் ஒரு பெட்டி ஆணி வாங்கவும் மேலே கேட்க வேண்டும்.

இந்தத் தொழிலில் பதவி என்று பேச ஆரம்பித்ததே ஐம்பது வருஷக் கதைதான். அதற்கு முன் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்ட தோல், முழுதாக முடிக்கப்படாத நிலையிலேயே மெட்ராஸ் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போனது. ஈஸ்ட் இந்தியா லெதர் என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் ஷாப்பில், அதாவது டேனரியில், முதலாளி, கணக்குப்பிள்ளை, மேஸ்திரி, கூலி என்று நாலே பேர்தான். 1972இல் மத்திய அரசின் சீதாராமையா கமிட்டி, பாதி முடித்த தோலை அனுப்பிக்கொண்டிருந்தால் லாபம் எல்லாம் வெளியில்தான் போகும் என்று சொன்னது. 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகுதான் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் முழுத் தோலுக்கும், அங்கிருந்து ஷூ அப்பருக்கும், அங்கிருந்து முழு ஷூவுக்கும் நகர்ந்தன.

நகர நகர ஆள் தேவைப்பட்டது. அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு, ஏ.சி.டெக் என்னும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் லெதர் டெக்னாலஜி படித்தவர்கள் டேனரிக்குள் வந்தார்கள். சரக்கு வாங்கும் பையருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஒருவர், சாம்பிள் பார்க்க ஒருவர், பேட்டர்ன் வெட்ட ஒருவர், ஷிப்பிங் பேப்பர் பார்க்க ஒருவர் என்று ஒவ்வொரு நாற்காலியாகப் போடப்பட்டது. போட்டவர்கள் ஒன்றைச் செய்யவில்லை. இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்கு எப்படிப் போவது என்று எழுதி வைக்கவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் இழுத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஆலை நவீனமானது, டிரம் வந்தது, மிஷின் வந்தது. அவர்கள் பிள்ளைகளில் பலர் இன்றும் அதே ஈரப் பகுதியில்தான் நிற்கிறார்கள். பாதை இல்லாத இடத்தில் திறமை இருந்து என்ன செய்ய?

சட்டமும் இதில் அதிகம் உதவவில்லை. 1946ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டம் தொழிலாளர்களை நிரந்தரம், தகுதிகாண் பருவம், பதிலி, தற்காலிகம், அன்றாடம், அப்ரண்டிஸ் என்று பிரித்தது. எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்பதற்கான பிரிவு அது. எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்கு அதில் இடம் இருக்கவில்லை. 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பட்டியலில் தோல் பதனிடும் தொழில் இருந்தது. ஆனால் அது தரை எங்கே என்று சொன்ன சட்டம். மாடிப்படி அதன் வேலையாக இருக்கவில்லை. 2013இல் மத்திய அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. அப்போது பத்து நிலைகள். ஹெல்ப்பர் எந்த நிலை, கட்டர் எந்த நிலை, தையல் ஆபரேட்டர் எந்த நிலை என்றெல்லாம் வகுத்தார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் பிள்ளைகள் பலர் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அந்தச் சான்றிதழைப் பார்த்துச் சம்பளத்தில் ஒரு படி ஏற்றிய கம்பெனியை நான் பார்க்கவில்லை.

முடிவுக்கும் பதவிக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டுமானால் தோல் பிரிக்கும் மேஜைக்குப் போக வேண்டும். அசார்ட்டர் என்போம். வெளிச்சம் சீராக விழுவதற்காக வடக்குப் பக்கத்து ஜன்னலை ஒட்டி மேஜை போட்டிருப்பார்கள். ஒரு பக்கம், பதனிட்டு உலர்த்தி இன்னும் ஃபினிஷ் போடாத கிரஸ்ட் தோல் அடுக்கு. அசார்ட்டர் ஒன்றை இரண்டு கையாலும் இழுத்து விரிப்பார். கழுத்து, முதுகு, வயிறு, கால் என்று கண் ஓடும். உண்ணிக் கடி, முள் கீறல், நரம்புத் தடம், அறுக்கும்போது கத்தி பட்ட வெட்டு, எல்லாம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அப்புறம் வயிற்றுப் பக்கத்தை உள்பக்கமாக மடித்துப் பார்ப்பார். மடிப்பில் நுண்ணிய சுருக்கம் வந்தால் தோல் இறுக்கம். பெரிய பெரிய மடிப்பாக விழுந்தால் லூஸ் கிரெயின். அது ஷூவில் போனால், காலை மடக்கும் இடத்தில் ஒரே மாதத்தில் அசிங்கமாகத் தெரியும். இவ்வளவும் முடிந்து தோல் அடுத்த அடுக்கில் விழ ஆகும் நேரம் சில நொடிதான்.

நான் மெர்ச்சண்டைசிங் சேர்ந்த புதிதில் அந்த மேஜைப் பக்கம் அடிக்கடி போவேன். அங்கே வயதான ஒரு பாய் இருந்தார். நான் மூன்றாம் தரம் என்று நினைத்த தோலை எடுத்து, "இது மூணு இல்லம்மா, நாலு. வயித்துப் பக்கம் மடிச்சுப் பாரு, லூசா கீது" என்பார். மடித்துக் காட்டுவார். மறுவார்த்தை பேச முடியாது. அவர் பிரித்து முடித்த அடுக்கை வைத்துத்தான் எந்தத் தோல் எந்த ஆர்டருக்கு என்று முடிவாகும். ஒரு லாட்டில் பத்தாயிரம் சதுர அடி, ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் அடிக்குப் பதினைந்து ரூபாய் வித்தியாசம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு லாட்டையும் ஒரு படி தப்பாகப் பிரித்தால் ஒன்றரை லட்சம். ஏற்றிப் பிரித்தால் பையர் திருப்பி அனுப்புவார், இறக்கிப் பிரித்தால் நம் கைக்காசு போகும். அந்த முடிவை அவர் தினமும், யாரையும் கேட்காமல் எடுத்தார். சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே எழுதியிருந்தது 'தொழிலாளி' என்றுதான். அவரிடம் கற்றுக்கொண்ட பையன்கள் தரம் பிரிக்கத் தெரிந்ததும் பையிங் ஆபீஸ்களுக்கு இன்ஸ்பெக்டராகப் போய்விட்டார்கள். மேல் பட்டம் எதுவும் அவருக்குக் கொடுக்காத கம்பெனி, அவர் ஓய்வு பெற்ற பிறகு அதே வேலைக்கு ஆள் தேடி அலைந்தது.

டேனரியில் இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததற்காக ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், கழிவுநீர் சுத்திகரிக்காமல் ஆலை ஓடக்கூடாது என்ற உத்தரவு. சுத்திகரிப்பு நிலையங்கள் ஊருக்கு ஊர் பெரிதாயின. ஆர்.ஓ., அதன் பிறகு எவாப்பரேட்டர் என்று சேர்ந்தன. அதனால் இந்தத் தொழிலில் ஒரு நாற்காலி பரவலானது: ஈ.டி.பி. ஆபரேட்டர், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பைக் கவனிக்கிறவர். உள்ளே வரும் தண்ணீரின் உப்பும் குரோமும் அளந்து எழுதுவது அவர் வேலை. அளவு மீறும்போது டிரம்மை நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா? பெரும்பாலும் கிடையாது. அவர் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் மேனேஜரிடம் சொல்ல வேண்டும், மேனேஜர் ஷிப்மெண்ட் தேதியைப் பார்ப்பார். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகாவது கழிவைக் கவனிக்கும் ஆளின் வார்த்தைக்கு எடை கூட்டியிருக்க வேண்டும். தண்ணீரைக் காப்பவர் புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே இருக்கக் கூடாது. நேராக முதலாளிக்குப் பதில் சொல்கிறவராக இருக்க வேண்டும். இதை நான் கூட்டங்களில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஷூ கம்பெனிக்கு வருவோம். தையல் பிரிவில் ஹெல்ப்பர், டேபிள் ஒர்க்கர், ஆபரேட்டர், செக்கர், லைன் சூப்பர்வைசர், ஃப்ளோர் இன்சார்ஜ், புரொடக்‌ஷன் மேனேஜர் என்று வரிசை போகும். முதல் நாலு இடத்திலும் பெண்கள்தான் நிறைந்திருப்பார்கள். சூப்பர்வைசரில் பாதியாகக் குறையும். இன்சார்ஜில் ஒன்றிரண்டு. அதற்கு மேல் தேடத்தான் வேண்டும். பெண்களுக்குத் திறமை போதாது, ஆளை அதட்டத் தெரியாது, கல்யாணம் ஆனால் நின்றுவிடுவார்கள் என்று காரணம் சொல்வார்கள். நான் அந்த லைனில் இருந்தவள். காரணம் வேறு. காரணம் பஸ்.

ஷிஃப்ட் முடிந்து மணி அடித்த சிறிது நேரத்தில் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். சூப்பர்வைசருக்கு வேலை அந்த மணிக்குப் பிறகுதான் பாதி. அன்றைக்கு எத்தனை ஜோடி வந்தது, எத்தனை ரிப்பேர், எந்த ஜோடியில் இடது கால் மட்டும் இருக்கிறது வலது காணோம், நாளைக்குக் கட்டிங்கிலிருந்து என்ன வர வேண்டும் என்று எண்ணி எழுதி இன்சார்ஜிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். ஆம்பூர் டவுனில் வீடு இருக்கிற ஆண் பைக்கில் போய்விடுவார். ஒடுகத்தூருக்கு மேலே மலையடிவாரத்துக் கிராமத்துப் பெண் என்ன செய்வாள்? டவுன் பஸ்ஸுக்கு மாதனூரில் இருட்டில் நிற்க வேண்டும். அவள் வீட்டில் ஒரு நாள் பொறுப்பார்கள், இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள், "அந்தச் சூப்பர்வைசர் வேலையே வாணாம், மிஷின்லயே உக்காரு" என்று சொல்லிவிடுவார்கள். என்னோடு செக்கராக இருந்தவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். தையலைத் தொட்டுப் பார்த்தே எந்த மிஷினில் ஊசி மழுங்கியிருக்கிறது என்று சொல்வாள். சூப்பர்வைசர் வேலை கொடுத்தபோது வேண்டாம் என்று சொன்னாள். ஃபைலில் 'பொறுப்பேற்க விருப்பமில்லை' என்று எழுதினார்கள். ஏழு மணிக்கு இன்னொரு பஸ் விட்டிருந்தால் அந்த வரியை எழுத வேண்டியிருந்திருக்காது.

மெர்ச்சண்டைசிங் என்பது என்ன என்று எங்கள் ஊரில் விளக்குவது கடினம். விற்கிற வேலைதான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போகிற விற்பனை இல்லை. மிலான் கண்காட்சிக்கோ சென்னை நந்தம்பாக்கம் தோல் கண்காட்சிக்கோ முதலாளி குடும்பமும் டைரக்டரும் போய்ப் பையரைப் பார்த்து வருவார்கள். பையரும் அவருடைய டெக்னீஷியனும் சீசனுக்கு முன் ஆம்பூருக்கு வருவார்கள். அவர்கள் கைகாட்டிய ஸ்டைலை சாம்பிளாக்கி, விலை போட்டு, ஒப்புதல் வாங்கி, ஆர்டராக மாற்றி, தோலும் சோலும் லேசும் பெட்டியும் வரவழைத்து, லைனில் ஏற்றி, இன்ஸ்பெக்‌ஷன் முடித்து, கன்டெய்னரில் அனுப்புகிறவரை அந்த ஆர்டருக்குத் தாய் தகப்பன் எல்லாம் மெர்ச்சண்டைசர்தான்.

இதில் படிகள் எப்படி என்றால், டிரெயினியாக வருகிறவர் எந்தத் தேதிக்கு எது நடக்க வேண்டும் என்ற அட்டவணையை நிரப்புவார், சாம்பிளை பார்சல் கட்டுவார். அசிஸ்டண்ட், சாம்பிள் ரூமில் நின்று பேட்டர்ன் மாஸ்டரிடம் வேலை வாங்குவார். மெர்ச்சண்டைசர் விலை போடுவார். இந்த விலை போடுகிற இடத்தில்தான் ஆளின் தரம் தெரியும். ஒரு ஜோடிக்குத் தோல் எத்தனை அடி போகும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். இரண்டு அடிக்கு மேல் போகிற ஒரு ஆண் ஷூவில், நிஜக் கணக்கு 2.2 அடி இருக்கும்போது 2.1 என்று போட்டுவிட்டால், இருபதாயிரம் ஜோடி ஆர்டரில் இரண்டாயிரம் அடி தோல் துண்டு விழும். அடி 150 ரூபாய் என்றால் மூன்று லட்சம். மாஸ்டர் பேட்டர்னை அடுக்கிப் பார்த்துச் சொல்வார். கட்டிங்கில் நின்ற அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர், "இந்தத் தோல் நாலாம் தரம் அண்ணே, கழிவு கூடப் போகும்" என்று கூட்டிப் போடுவார். கட்டிங் பக்கமே போகாதவர் மாஸ்டர் சொன்னதை அப்படியே எழுதுவார். இரண்டு பேர் கார்டிலும் ஒரே பதவிதான்.

சீனியருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரே கேள்வியில் கண்டுபிடிப்பேன். சோல் வர இரண்டு வாரம் தாமதம் என்று சப்ளையர் சொல்கிறார். ஷிப்மெண்ட் தேதி தவறும். தவறினால் பையர் விலையில் தள்ளுபடி கேட்பார், இல்லையென்றால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பச் சொல்வார். விமானச் சரக்குக் கூலி சில ஆர்டர்களில் லாபம் முழுவதையும் தின்றுவிடும். அப்போது யார் பையருக்குப் போன் செய்வது? டிரெயினி தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். மெர்ச்சண்டைசர் மேனேஜருக்கு மெயில் போட்டுவிட்டு அது போய்ச் சேர்ந்ததாக நினைத்துக்கொள்வார். சீனியர் அன்றைக்கே பையரைக் கூப்பிட்டு, "ஆறாயிரம் ஜோடியில் நாலாயிரம் தேதிக்கு வரும், மீதி இரண்டாயிரத்தை அடுத்த கப்பலில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பேசி முடிப்பார். பையர்களும் அப்படிப்பட்டவரைத்தான் நம்புவார்கள். கெட்ட செய்தியை முன்கூட்டியே சொல்கிறவரிடம்தான் அடுத்த சீசன் ஆர்டர் வரும். அந்த அதிகாரம் இல்லாமல் ஒருவரை சீனியர் என்று அழைப்பதில் அர்த்தமே இல்லை.

பிளானிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மிஷின் எண்ணிக்கையையும் ஆள் எண்ணிக்கையையும் வைத்து உற்பத்தி கணக்குப் போடுவார்கள். முழு ஷூ கம்பெனியில் கணக்கு லாஸ்ட்டில் இருக்கிறது. கால் வடிவில் இருக்கும் அந்த அச்சு எத்தனை ஜோடி, எந்தெந்த சைஸில் இருக்கிறது என்பதுதான் உச்சவரம்பு. 42ஆம் சைஸில் அறுபது ஜோடி லாஸ்ட் இருந்து, ஒவ்வொன்றும் ஷிஃப்டில் நாலு முறை சுற்றி வந்தால் 240 ஜோடிக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, எத்தனை ஆளை நிறுத்தினாலும் சரி. ஐரோப்பா ஆர்டரில் ஆண்களுக்கு 42, 43தான் அதிகம் வரும். இது தெரிந்த பிளானிங் ஆள், ஆர்டர் கையெழுத்தாகும் முன்பே மெர்ச்சண்டைசரிடம் "லாஸ்ட் பத்தாதும்மா, கூட ஆர்டர் போடு" என்று சொல்லிவிடுவார். தெரியாதவர் இருக்கிற இடத்தில் மாதக் கடைசியில் ராத்திரி ஷிஃப்ட் ஓடும். ஆக, பிளானிங் ஆள் விற்பனைக் கூட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும். அவரைக் கூப்பிடாமல் ஆர்டர் எடுத்துவிட்டு, பிறகு தேதி தவறியதற்கு அவரைக் கேட்பது நியாயம் ஆகாது.

கணினிப் பிரிவுக்கு எங்கள் பக்கம் வெகுகாலம் ஈ.டி.பி. என்றுதான் பெயர். எலக்ட்ரானிக் டேட்டா பிராசசிங். கழிவுநீர் ஆளும் ஈ.டி.பி., கம்ப்யூட்டர் ஆளும் ஈ.டி.பி. என்பதால் போர்டில் பெயர் பார்த்துத் தவறான கதவைத் தட்டுகிறவர்களும் உண்டு. அணைக்கட்டிலும் பள்ளிகொண்டாவிலும் கம்ப்யூட்டர் சென்டரில் படித்த பிள்ளைகள் டேட்டா என்ட்ரிக்கு வருவார்கள். சம்பளப் பட்டியல், ஸ்டோர் இருப்பு, பேக்கிங் லிஸ்ட் தட்டுவது வேலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்தப் பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து கணக்கைப் புதிய முறைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் ஆபரேட்டர்தான்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் வெளியிலிருந்து ஈ.ஆர்.பி. வாங்கினார்கள். போட வந்தவர்கள் நல்ல படிப்பாளிகள். ஆனால் அவர்கள் பார்த்த தொழில்களில் சரக்கு கிலோவில் இருக்கும், மீட்டரில் இருக்கும். ஒரு மீட்டர் துணியும் அடுத்த மீட்டர் துணியும் ஒன்றே. தோல் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தனி உயிரின் உடம்பு. அளவு வேறு, தரம் வேறு, கனம் வேறு, அதில் வெட்டுக்கு ஆகும் பகுதி வேறு. ஸ்க்ரீனில் பன்னிரண்டாயிரம் அடி கறுப்புத் தோல் இருப்பு என்று காட்டும். கட்டிங்குக்குப் போய்ப் பார்த்தால் அந்த ஆர்டருக்கு வேண்டிய தரமும் கனமும் நாலாயிரம் அடிதான் தேறும். விற்பனைப் பக்கம் அந்தப் பன்னிரண்டாயிரத்தை நம்பித் தேதி கொடுத்திருப்பார்கள். இந்தச் சிக்கலை அவிழ்த்தவள் ஸ்டோரில் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். அகரம் பக்கத்துப் பெண். அவள் அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். தரம், கனம், லாட் எண் மூன்றையும் தனித்தனிக் கட்டமாகப் போட வேண்டும், அசார்ட்டர் மேஜையிலேயே பார்கோடு ஒட்ட வேண்டும், கட்டருக்குக் கொடுத்த அடியையும் அவர் திருப்பித் தந்த ஜோடியையும் அன்றன்றைக்கே ஒப்பிட வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். அந்த ஒப்பீட்டு ரிப்போர்ட் வந்த பிறகு தோல் எங்கே விரயமாகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தோல் செலவு குறைந்தது. அவளுக்கு என்ன பதவி கொடுப்பது என்று கேட்டபோது, "பிளஸ் டூதானே படிச்சிருக்கா" என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் அவள் வேறு கம்பெனிக்குப் போனாள். ரிப்போர்ட்டும் கொஞ்ச நாளில் நின்றுபோனது.

ஆள் போய்விடுவார் என்று பயந்து பதவிப் பெயரை மட்டும் ஏற்றிக்கொடுக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. ஒரே கம்பெனியில் நாலு ஜெனரல் மேனேஜர். சம்பளம் சிறிது ஏறும், அதிகாரம் ஏறாது. மேல் இரண்டு படிகள் முதலாளி குடும்பத்துக்கு உரியவை என்பது எல்லோருக்கும் தெரியும். குடும்பத் தொழிலில் அது இயற்கை, அதைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் குடும்பங்கள் பள்ளியும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கட்டி ஊரை வளர்த்தவை. ஆம்பூர்த் தோல் தொழிலதிபர் மெக்கா ரஃபீக் அகமதுவுக்கு 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது ஆம்பூரே மகிழ்ந்தது. ஆனால் அந்த இரண்டு படிக்குக் கீழே உள்ள படிகளாவது திறந்திருக்க வேண்டும் அல்லவா?

இப்போது காலம் மாறிவருகிறது. செய்யாறில் தைவான் கம்பெனியின் விளையாட்டு ஷூ ஆலை ஆயிரக்கணக்கான பெண்களை வைத்து நடக்கிறது. பனப்பாக்கம் சிப்காட்டிலும் பெரிய ஆலைகள் வருகின்றன. தமிழ்நாடு அரசு 2022இல் காலணிக்கும் தோல் பொருளுக்கும் தனிக் கொள்கையே வெளியிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூரில் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. விலையில் மட்டும் போட்டி போட்டுத் தாக்குப்பிடிக்க முடியாது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியிருக்கும். நம்மிடம் மிஞ்சியிருப்பது தோலைத் தொட்டுத் தரம் சொல்கிற கை, லாஸ்ட் கணக்கு தெரிந்த மூளை, ஸ்க்ரீனையும் ஸ்டோரையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள். அவர்களைப் பஸ் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு அப்புறம் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதில் பயனில்லை.

முதலாளிமார்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் படியில் இருப்பவர் எவ்வளவு தொகை வரை தானே முடிவெடுக்கலாம் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அசார்ட்டருக்கும் கழிவுநீர் ஆபரேட்டருக்கும் மெர்ச்சண்டைசருக்குச் சமமான படி கொடுங்கள். தையல் லைனிலிருந்து மெர்ச்சண்டைசிங்குக்கும் பிளானிங்குக்கும் போக வருஷத்துக்கு ஒரு தேர்வு வையுங்கள். பட்டம் இருக்கிறதா என்று கேட்காமல் வையுங்கள். நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ள அனுமதி உண்டென்றால், ஏழு மணிக்கு அணைக்கட்டுக்கும் ஒடுகத்தூருக்கும் இன்னொரு பஸ் விடுங்கள். டீசல் செலவு ஒரு சூப்பர்வைசரை இழப்பதைவிடக் குறைவு.

பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சேரும் நாளில் சம்பளம் எவ்வளவு, பஸ் உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த வேலையிலிருந்து அடுத்தது என்ன வேலை, அதற்கு எத்தனை வருஷம், என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். பதிலை அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் காப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.